மினாவிடம் மறைத்த மூன்று இரவுகள்

அம்மாவின் தலைமாட்டில் தொங்கிய பையிலிருந்து இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் கால் மணி நேரம் நர்ஸ் பக்கத்திலேயே நின்று, காய்ச்சலோ நடுக்கமோ வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் நானும் அம்மாவும் அந்தச் சொட்டும்தான். தூக்கம் வரவில்லை என்றார் அம்மா. கையில் என்ன புத்தகம் என்று கேட்டார். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', 1897-இல் வந்த நாவல், இரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவைத் துரத்திப் பிடிக்கிறவர்களின் கதை என்றேன். சொல்லும்போதே நாக்கு தயங்கியது. இந்த அறையில், இந்த நேரத்தில், இந்தக் கதையா?

"வாசி, கேட்கிறேன்" என்றார்.

கண் ஆங்கிலத்தில் ஓட, வாய் தமிழில் சொல்லிக்கொண்டு போனது. தடுமாறினால் "மெதுவாகச் சொல், எனக்கென்ன அவசரம்" என்பார். அம்மா முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்தவர். எந்தக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கோப்பு யார் மேசைக்குப் போனது என்பதைப் பேரேட்டில் குறித்து வைப்பதே அவர் வேலை. நாவலின் முதல் பத்தியில் ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர் தன் நாட்குறிப்பில் ரயில் நேரத்தை எழுதுகிறார்: 6.46-க்கு வந்து சேர வேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதம். அம்மா தலையணையிலிருந்து சற்று எழும்பினார். "நேரம் குறித்து வைக்கிற ஆள். இவன் பிழைத்துக்கொள்வான்."

அரக்கர்களை வேட்டையாடும் கதைகளை இருபத்தைந்து ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றில் உண்மையில் எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது அந்த அறையில்தான். அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அர்பன் ஃபேன்டசி என்று பதிப்பகங்கள் பெயர் சூட்டிய வகை இது. நகர மிகுபுனைவு என்று சொல்லலாம். காட்டிலும் கோட்டையிலும் இருந்த பழைய உருவங்கள் இதில் சுரங்கப்பாதையிலும் அடுக்குமாடிக் கட்டடத்திலும் குடியிருக்கும். வேட்டைக்காரருக்கு வாடகை பாக்கி இருக்கும். ஓநாய் மனிதர்களும் சூனியக்காரிகளும் சண்டையின்றி ஒரே கூரையின் கீழ் உட்காரும் மதுக்கூடம் ஒன்று இருக்கும். இந்தப் பெயர் 1980-களில்தான் நிலைத்தது. சார்ல்ஸ் டி லின்ட் 1984-இல் 'மூன்ஹார்ட்' நாவலில் கனடாவின் ஒட்டாவா நகரத்து வீடு ஒன்றில் வேறோர் உலகத்துக்கு வாசல் வைத்தார். எம்மா புல் 1987-இல் 'வார் ஃபார் தி ஓக்ஸ்' நாவலில் தேவதைகளின் போரை மினியாபொலிஸ் நகரத்து ராக் இசைக்குழு ஒன்றின் நடுவே இறக்கினார். வித்து அதற்கும் முந்தியது. ஃபிரிட்ஸ் லைபர் 1941-இல் எழுதிய 'ஸ்மோக் கோஸ்ட்' சிறுகதையில், வேலை முடிந்து ரயிலில் திரும்பும் ஒருவன் கூரைகளுக்கு மேல் கரிய சாக்கு மூட்டை போன்ற ஒன்றைப் பார்க்கிறான். மறுநாள் அது இன்னும் சற்று அருகில் கிடக்கிறது. அதற்கடுத்த நாள் இன்னும் அருகில். புகையும் கரியும் படிந்த நகரம் தனக்கென்று ஒரு பேயைப் பெற்றுக்கொள்ளாதா என்ற கேள்வியிலிருந்து பிறந்த கதை அது. பழைய பேயை நகரத்துக்குக் குடிபெயர்ப்பது ஒரு வேலை. நகரமே பெற்ற பேயைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினமான வேலை. லைபர் அதைச் சில பக்கங்களில் செய்துவிட்டார்.

இந்த நாவல்கள் ஏறக்குறைய எல்லாமே ஓர் ஏற்பாட்டின் மேல் நிற்கின்றன. அரக்கர்கள் இருக்கிறார்கள், பொதுமக்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. 1991-இல் வந்த ஒரு வேடமேற்று விளையாட்டின் பெயரைப் பின்பற்றி இதை மாஸ்கரேட் என்கிறார்கள் வாசகர்கள். மூடுதிரை என்று வைத்துக்கொள்கிறேன். மூடுதிரைக்குச் சொல்லப்படும் காரணம் எங்கும் ஒன்றுதான்: தெரிந்தால் மக்கள் தாங்க மாட்டார்கள். அவர்கள் நன்மைக்காகவே மறைக்கிறோம். வேட்டைக்காரர் மனைவியிடம் பொய் சொல்வார், நண்பனிடம் பொய் சொல்வார், செத்தவனின் தாயிடம் அது சாலை விபத்து என்பார். நாம் அவர் பக்கம் நின்று, பாவம், எத்தனை பாரம் சுமக்கிறார் என்று உருகுவோம். நானும் இருபத்தைந்து ஆண்டுகள் அப்படித்தான் உருகினேன்.

அம்மாவுக்கு வந்திருந்தது இரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடத்திலேயே ஏற்படும் கோளாறு. டாக்டர் அதை என்னிடமும் அக்காவிடமும் தனியாக அழைத்துச் சொன்னார். வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றோம். "இரத்தசோகை என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை" என்றாள் அக்கா. நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் நாவலை வாசிக்க ஆரம்பித்தேன்.

லூசி என்ற பெண் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே போகிறாள். நான்கு ஆண்கள் அடுத்தடுத்து அவளுக்கு இரத்தம் கொடுக்கிறார்கள். அம்மா உடனே கேட்டார்: "வகை பார்த்தார்களா?" இரத்த வகைகளைக் கார்ல் லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது 1901-இல், நாவல் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து என்றேன். அம்மா தன் பையைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டின் எண்ணையும் வகையையும் நர்ஸ்கள் இருவர் சேர்ந்து உரக்கப் படித்துச் சரிபார்த்திருந்தார்கள். "அப்படியானால் அந்தப் பெண்ணை அரக்கன் பாதி கொன்றான், தெரியாமை பாதி கொன்றது" என்றார்.

டிராகுலாவைப் பாழடைந்த கோட்டைக் கதையாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வாசித்துப் பாருங்கள், அது அன்றைய லண்டனின் அத்தனை புதுமைகளும் நிறைந்த நகர நாவல். மனநலக் காப்பகம் நடத்தும் டாக்டர் சீவர்ட் தன் குறிப்புகளை ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிவு செய்கிறார். தந்திகள் பறக்கின்றன. ஜோனதன் சுருக்கெழுத்தில் எழுதுகிறார். அவர் மனைவி மினா எல்லாவற்றையும் தட்டச்சு செய்கிறாள். அரக்கனும் சளைத்தவன் இல்லை: தன் கோட்டையில் சோபாவில் சாய்ந்து இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறான் அந்தப் பிரபு. நகரத்துக்குள் வரத் துடிக்கும் அரக்கன் முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்கிறான். அவனைத் துரத்துகிறவர்களும் வாசித்தே பிடிக்கிறார்கள். சூரிய ஒளி பட்டால் அவன் எரிந்து சாம்பலாவான் என்பது 1922-இன் ஜெர்மன் மௌனப்படம் ஒன்று நிலைநாட்டிய விதி. நாவலில் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான், பகலில் சக்தி குறைவு, அவ்வளவுதான். மார்பில் மர ஆப்பு இறங்குவதும் லூசிக்குத்தான், அவனுக்கு இல்லை. அவன் சாவது இரண்டு கத்திகளால்.

மினாவை அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆளுக்கு ஒரு துண்டாக வைத்திருந்த நாட்குறிப்பு, கடிதம், செய்தித்தாள் நறுக்கு எல்லாவற்றையும் தேதி வரிசைப்படுத்தி, மூன்று பிரதிகளாகத் தட்டச்சு செய்து அடுக்குகிறாள் அவள். அதன் பிறகே அந்த ஆண்களுக்குத் தாங்கள் எதைத் துரத்துகிறோம் என்ற முழு உருவம் கிடைக்கிறது. "அவள் இல்லாவிட்டால் இவர்கள் கையில் குப்பைதான்" என்றார் அம்மா. முப்பத்திரண்டு ஆண்டுப் பெருமிதம் அந்தக் குரலில் இருந்தது.

பிறகு செப்டம்பர் 30-ஆம் தேதிக் கூட்டம் வந்தது. வான் ஹெல்சிங், அந்தக் குழுவின் மூத்தவர், அரக்கனின் பலத்தையும் பலவீனத்தையும் விரிவாகச் சொல்லி முடித்து, மினாவின் அறிவைப் புகழ்ந்தவர், அதே மூச்சில் அவளை விலக்கிவைக்கிறார். இன்றிரவோடு உன் பங்கு முடிந்தது, இனி நீ எதுவும் கேட்கக் கூடாது, நாங்கள் எதுவும் சொல்லமாட்டோம், நீ எங்களுக்கு அவ்வளவு அருமையானவள். அவளுக்கு அது கசக்கிறது. ஆனாலும் அவர்களின் அன்பை நினைத்து வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்கிறாள். ஆண்கள் விளக்குகளோடு, அரக்கன் வாங்கியிருந்த பக்கத்து வீட்டைச் சோதிக்கப் போகிறார்கள். அவள் தனியே படுக்கிறாள். கதவிடுக்கு வழியாக மூடுபனி வருகிறது.

அடுத்த மூன்று இரவுகள் அரக்கன் அவளிடமே வருகிறான். அவள் வெளிறிப் போகிறாள். பகலிலும் தூங்குகிறாள். கணவன் அதைக் கண்டு, இந்தப் பயங்கரங்களை அவள் தாங்கமாட்டாள், நல்லவேளை அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறான். லூசிக்கு வந்த அதே அறிகுறிகள், அதே வரிசையில். அவற்றைத் தேதியிட்டு அடுக்கிக் கொடுத்ததே மினாதான். அவளுக்குத் தன் கோப்பைப் பார்க்க அனுமதி இல்லை. அவர்களுக்கோ கண் முன்னால் இருந்தும் தெரியவில்லை.

இன்னொருவனும் இருக்கிறான். அவர்கள் தங்கியிருந்த சீவர்ட்டின் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்ட ரென்ஃபீல்டு. உள்ளிருந்து யாராவது அழைக்காமல் அரக்கன் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. அவனை அழைத்தவன் இவன்தான். ஆனால் அதற்கு முன் ரென்ஃபீல்டு மண்டியிட்டு, என்னை இங்கிருந்து வெளியே அனுப்பிவிடுங்கள் என்று சீவர்ட்டிடம் கெஞ்சினான். காரணம் சொல்லத் துணியவில்லை. கடைசியில், உங்களை நம்பவைக்க என்னால் ஆனதைச் செய்தேன் என்பதைப் பின்னால் நினைத்துப் பாருங்கள் என்றான். கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மினாவிடம் சொல்லவில்லை, ரென்ஃபீல்டைக் கேட்கவில்லை. அரக்கனுக்கு இந்த இரண்டு இடைவெளிகளே போதுமானவையாக இருந்தன.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அம்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பை முக்கால்வாசி காலியாகியிருந்தது. "ராஜா" என்றார். "அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசி நாலு நாள் ஆகிறது. வெறும் இரத்தசோகைக்கு யாரும் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுக்கமாட்டார்கள். எனக்கு என்ன?"

நான் சொன்னேன். டாக்டர் சொன்ன பெயரை, அதை எப்படிச் சொன்னாரோ அப்படியே, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அம்மா அழவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த கைப்பையைக் காட்டி, பேனாவும் தாளும் எடுக்கச் சொன்னார். பெயரை எழுதிக்கொண்டார். பக்கத்தில் தேதி போட்டார். "என்னைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் மட்டும் விளக்கெடுத்துக்கொண்டு எங்கே போனீர்கள்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து மூடுதிரையை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். நாவலில் மட்டும் இல்லை, நாவல்களுக்கு மூலமான பழைய நிகழ்வுகளிலும் அதைத்தான் தேடிப் போனேன்.

பிரான்சின் தெற்கு மலைப்பகுதியான ஜெவோதானில் 1764-இல் ஒரு விலங்கு மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது. பலியானவர்களில் பெரும்பாலோர் ஆடுமாடு மேய்க்கப் போன பெண்களும் சிறுவர்களும். ஜூன் இறுதியில் இறந்த ஜான் பூலே என்ற சிறுமிக்கு வயது 14. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள். அரசன் பதினைந்தாம் லூயி முதலில் படைவீரர்களும் பிறகு பேர்பெற்ற ஓநாய் வேட்டைக்காரர்களும் இறங்கிப் பயன் இல்லாமல் போகவே, தன் அரண்மனைத் துப்பாக்கிக் காப்பாளர் ஃபிரான்சுவா அன்த்வானை அனுப்பினார். அவர் 1765 செப்டம்பரில் பெரிய ஓநாய் ஒன்றைச் சுட்டார். அதைப் பாடம் செய்து வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பரிசு வழங்கப்பட்டது. விவகாரம் முடிந்தது என்று அரசவை கைகழுவியது.

டிசம்பரில் மறுபடியும் பிள்ளைகள் சாகத் தொடங்கினார்கள். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியதை அரசவை ஒப்புக்கொள்ளவில்லை. விலங்குதான் செத்துவிட்டதே! இன்னும் ஒன்றரை ஆண்டுகள் அந்த மலைமக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 1767 ஜூன் 19 அன்று அவ்வூர் பிரபு ஒருவர் ஏற்பாடு செய்த வேட்டையில் ஜான் ஷஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர் சுட்டு வீழ்த்திய விலங்கோடு சாவுகள் நின்றன. அவர் வெள்ளிக் குண்டால் சுட்டார் என்ற கதை பிற்காலத்து எழுத்தாளர்களின் சேர்க்கை. ஆனாலும் இன்று ஓநாய் மனிதன் வரும் நாவல் எதை எடுத்தாலும் வெள்ளிக் குண்டு இருக்கிறது. அரசவை கண்ணை மூடிக்கொண்ட அந்த ஒன்றரை ஆண்டு எந்த நாவலிலும் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எனக்குப் பிடித்த வேட்டைக்காரர்கள் ஷஸ்தெலுக்கும் முந்தியவர்கள். 1765 ஜனவரி 12 அன்று மேய்ச்சல் நிலத்தில் ஜாக் போர்த்ஃபே என்ற சிறுவனும் அவன் கூட்டாளிகளும் விலங்கிடம் சிக்கினார்கள். முனையில் இரும்பு செருகிய கம்புகள் அவர்களிடம் இருந்தன. விலங்கு ஒரு சின்னப் பையனைக் கவ்வி இழுத்தபோது, விட்டுவிட்டு ஓடலாம் என்ற பேச்சை மீறி ஒன்றாக நின்று குத்தி விரட்டினார்கள். அரசன் பரிசு கொடுத்து, போர்த்ஃபேயின் படிப்புச் செலவையும் ஏற்றார். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதையும் மறைத்திருக்கவில்லை. விலங்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கம்பின் முனையில் இரும்பு இருந்ததற்கு அதுவே காரணம்.

இரத்தக்காட்டேரி வரலாற்றில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. 1732 ஜனவரியில், அன்று ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்த செர்பியாவின் ஒரு கிராமத்துக்கு யோஹானஸ் ஃப்ளூக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் தலைமையில் விசாரணைக்குப் போனார்கள். இறந்தவர்கள் எழுந்து வந்து கொல்கிறார்கள் என்பது கிராமத்தின் புகார். கல்லறைகளைத் தோண்டி, ஒவ்வோர் உடலையும் அறுத்து, பெயர், வயது, மண்ணுக்குள் இருந்த காலம், கண்டது என்று எழுதினார்கள். உறையாத இரத்தம், பழைய தோல் உரிந்து உள்ளே புதிய தோல், புதிய நகம். கண்ணால் கண்டது எல்லாம் சரி. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் தவறு. அழுகும் உடல் அப்படித்தான் வீங்கும், உரியும், வாயில் இரத்தம் கசியும். அந்த அறிக்கை ஐரோப்பா முழுக்கக் காட்டேரிப் பீதியைக் கிளப்பியது உண்மை. ஆனால் எழுதி வைத்ததால்தான் இன்று உடற்கூறு தெரிந்தவர்கள் அதை வரி வரியாகப் படித்து விளக்க முடிகிறது. 1755-இல் மகாராணி மரியா தெரேசாவின் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டன் இதெல்லாம் இயற்கையே என்று வாதிட, பிணங்களைத் தோண்டி எரிக்கும் வழக்கத்துக்கு மகாராணி தடை போட்டார்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்ததை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. 1954 செப்டம்பர் 23 மாலை, கோர்பல்ஸ் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நுழைந்தார்கள். கையில் கூராகச் சீவிய குச்சிகள், சமையலறைக் கத்திகள். நடக்கவே தடுமாறும் தம்பி தங்கைகளையும் சிலர் கூட்டி வந்திருந்தார்கள். ஏழடி உயரம், இரும்புப் பற்கள் கொண்ட காட்டேரி ஒன்று இரண்டு பையன்களைத் தின்றுவிட்டதாம். அதை வேட்டையாட வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இரும்பு ஆலை. உலை திறக்கும்போதெல்லாம் புகையும் செந்தீ வெளிச்சமும் கல்லறைகளுக்கு மேல் எழும். போலீஸ்காரர் வந்தார், ஒரு தலைமை ஆசிரியர் வந்து பேசினார், மழை வந்தது, பிள்ளைகள் கலைந்தார்கள். மறுநாளும் வந்தார்கள்.

எந்தப் பையனும் காணாமல் போயிருக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு பதில்களைச் சொன்னார்கள். ஒன்று, அப்படி எதுவும் இல்லை, வீட்டுக்குப் போங்கள். மற்றொன்று, இது அமெரிக்கத் திகில் காமிக்ஸ்களின் வேலை. 1955-இல் அத்தகைய இதழ்களைப் பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியதற்கு இந்தச் சம்பவமும் ஒரு தூண்டுகோல். ஆனால் இரும்புப் பற்கள் கொண்ட காட்டேரி வரும் காமிக்ஸ் எதையும் அன்று யாரும் எடுத்துக் காட்டவில்லை. இரவெல்லாம் இரும்பை உருக்கும் உலையின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்கள் கண்ட அரக்கனுக்குப் பல் எதனால் ஆனதாக இருக்கும்? லைபர் தேடிய நகரத்துப் பேயை அவர்கள் தாங்களே பெற்றெடுத்தார்கள், தாங்களே வேட்டைக்கும் கிளம்பினார்கள்.

1979-இல் ஜப்பானில் வேறு மாதிரி நடந்தது. முகக்கவசம் அணிந்த ஒரு பெண் பள்ளிப் பிள்ளைகளை வழிமறித்து, நான் அழகாக இருக்கிறேனா என்று கேட்பாள், கவசத்தைக் கழற்றினால் காதுவரை கிழிந்த வாய் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. பல பள்ளிகள் பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பின. பிள்ளைகள் அவளை வெல்லும் விதிகளையும் தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள்: தலைக்குப் பூசும் போமேட் பெயரை மூன்று முறை சொன்னால் ஓடிவிடுவாள், கற்கண்டு மிட்டாய் கொடுத்தால் நின்றுவிடுவாள். பயத்தோடு வீட்டுக்கு நடக்கும் ஒரு பிள்ளைக்கு, வாயில் சொல்ல ஒரு சொல்லும் கையில் ஒரு மிட்டாயும் எவ்வளவு பெரிய துணை! அரக்கர் கதைகளில் விதிகளுக்கு நான் கொடுக்கும் மதிப்பு இதனால்தான். விதி தெரிந்தவர் தற்காத்துக்கொள்ள முடியும். அந்த விதியை வேட்டைக்காரர் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும்போது, ஊரில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் தூண்டிலில் கோத்த புழுக்கள்தான்.

நவீன நாவல்களில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவை குறைவு. பெரும்பாலான தொடர்கள் மூன்றாம் புத்தகத்திலேயே களைத்துவிடுகின்றன. அரக்கன் பெரிதாவான், துப்பாக்கி பெரிதாகும், வேட்டைக்காரருக்குப் புதுச் சக்தி ஒன்று கிடைக்கும். அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. 1998-இல் வந்த செர்கேய் லுக்யானென்கோவின் 'நைட் வாட்ச்' அப்படிப்பட்டது அல்ல. மாஸ்கோவில் ஒளியின் பக்கமும் இருளின் பக்கமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒன்றை ஒன்று கண்காணிக்கின்றன. அதன்படி காட்டேரிகளுக்கு மனித வேட்டைக்கான உரிமங்கள் உண்டு. யார் பலி என்பது குலுக்கலில் தேர்வாகும். தேர்வானவருக்குத் தெரியாது. அந்த ஏற்பாட்டுக்கு ஒளியின் பக்கமும் உடந்தை. மூடுதிரையின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு துணிந்து காட்டிய வேறு நாவலை நான் வாசித்ததில்லை. நல்லவர்களின் அலுவலகத்தில் நாற்காலியும் மேசையும் இருக்கின்றன, தேநீர் இருக்கிறது, அந்தக் குலுக்கலும் இருக்கிறது.

பென் ஆரோனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' 2011-இல் வந்தது. கோவென்ட் கார்டனில் கொலை நடந்த இடத்துக்குக் காவல் நிற்கும் இளம் கான்ஸ்டபிளிடம் ஒரு சாட்சி வருகிறார். சாட்சி இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. கான்ஸ்டபிள் ஓடவில்லை, மந்திரம் சொல்லவில்லை. வாக்குமூலம் வாங்குகிறார். அம்மாவிடம் இந்தக் காட்சியை மட்டும் பின்னொரு நாள் வாசித்துக் காட்டினேன். "சரியான ஆள்" என்றார். அதே நாவலில் தேம்ஸின் துணை ஆறுகள் சில பெண்களாக வருகிறார்கள். ஃப்ளீட், டைபர்ன் போன்ற அந்த ஆறுகளை லண்டன் உண்மையாகவே மூடி, மேலே தெரு போட்டு, சாக்கடையாக்கி மறந்துவிட்டது. மூடப்பட்ட ஆறு ஒரு பெண்ணாக எழுந்து வந்து பேசும்போது, அவளைக் கொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவளோடு பேச வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியில் 'பஃபி' தொடரின் இரண்டாம் பருவ முடிவையும் சொல்ல வேண்டும். 1998-இல் ஒளிபரப்பானது. இரண்டு ஆண்டுகளாக இரவில் காட்டேரிகளோடு போராடும் மகள், அம்மாவிடம் உண்மையைச் சொல்ல நேர்கிறது. அம்மா அதிர்ந்து, கோபித்து, இப்போது வெளியே போனால் திரும்பி வராதே என்கிறாள். மகள் போய்விடுகிறாள். இந்தக் காட்சியைச் சிறுவயதில் பார்த்தபோது அந்த அம்மா மேல் கோபம் வந்தது. இப்போது எனக்குத் தெரிவது இரண்டு ஆண்டுப் பொய்யை ஒரே இரவில் விழுங்கச் சொல்லப்பட்ட ஒரு பெண். உண்மை அவளை உடைக்கவில்லை. அது வந்த வேளைதான் உடைத்தது.

டிராகுலாவுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அந்த நாவல் தன் தவற்றைத் தானே உணர்கிறது. அக்டோபர் 3 அன்று, நடந்தது தெரிந்த பிறகு, அந்த ஆண்கள் முதலில் எடுக்கும் முடிவு இதுதான்: எவ்வளவு வலித்தாலும் இனி மினாவிடம் எதையும் மறைப்பதில்லை. இதோடு முடிந்திருந்தால் நல்ல நாவல். ஸ்டோக்கர் இன்னும் ஓர் அடி போகிறார். அரக்கனின் இரத்தம் தன்னுள் கலந்துவிட்டதால் தன் மனதை அவன் படிக்கக்கூடும் என்று மினா புரிந்துகொள்கிறாள். ஆகவே, உங்கள் திட்டங்களை என்னிடம் சொல்லாதீர்கள் என்று அவளே கணவனிடம் வாக்கு வாங்குகிறாள். செப்டம்பரில் அவளிடம் மறைத்தார்கள். அக்டோபரில் எதைத் தான் அறியக் கூடாது என்பதை அவளே முடிவு செய்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மௌனம்தான்.

அந்தப் பக்கத்தை வாசித்த மறுநாள் அம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். "எல்லா ரிப்போர்ட்டும் முதலில் என் கைக்கு வர வேண்டும். எந்த மருந்து, எதற்கு, என்ன பக்கவிளைவு என்று எனக்குத் தெரிய வேண்டும். எத்தனை காலம் என்பதை மட்டும் டாக்டரிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். கேட்டிருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள். வேண்டும் என்றால் நானே கேட்பேன்." அக்கா அவர் முகத்தைப் பார்த்து, சரியம்மா என்றாள்.

மினாவுக்கும் அரக்கனுக்கும் இடையில் ஏற்பட்ட அந்தத் தொடர்பே அவனுக்கு எதிரான வழியாகிறது. விடியலிலும் அந்தியிலும் வான் ஹெல்சிங் அவளை மயக்க நிலைக்குக் கொண்டுபோய், என்ன கேட்கிறது என்று கேட்கிறார். அலை மோதுகிறது என்கிறாள். அவன் கப்பலில் இருக்கிறான். அக்டோபர் 30 அன்று ஆண்கள் களைத்துப் படுத்திருக்கும்போது மினா உட்கார்ந்து ஒரு குறிப்பாணை எழுதுகிறாள். அவன் தன் இடத்துக்குத் திரும்பச் சாலை, ரயில், நீர் என மூன்று வழிகள். ஒவ்வொன்றிலும் அவனுக்கு உள்ள தொல்லைகளை எடைபோட்டு, நீர்வழிதான் என்று முடிவுக்கு வருகிறாள். எந்த ஆறு? வரைபடத்தைப் பார்க்கிறாள். செரெத் ஆறு, அதில் கலக்கும் பிஸ்த்ரித்சா. அந்த வழியைப் பின்தொடர்ந்துதான் அவனைப் பிடிக்கிறார்கள். அலுவலகக் குறிப்பாணை ஒன்று உச்சக்கட்டமாக அமைந்த வேறோர் அரக்கர் கதை எனக்குத் தெரியாது. அம்மா அதை இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார். ஆறுகளின் பெயர்களைக் கேட்டுத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

அவர் மிகவும் ரசித்தது வேறோர் இடம். மினாவைத் தாக்கிய இரவில் டிராகுலா அந்தக் குழுவின் ஆவணங்களை எல்லாம் நெருப்பில் போட்டுவிடுகிறான். கையெழுத்துப் பிரதிகள், ஃபோனோகிராஃப் உருளைகள், எல்லாம் உருகிச் சாம்பலாகின்றன. தன்னை எதிர்த்து வந்த கத்திக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாதவன் எரித்தது தாள்களை. ஆனால் மினா எடுத்த மறுபிரதி இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அம்மா கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறார். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றப் போகிறோம். நீளமான பேரேட்டு நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, அதில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்: தேதி, ஹீமோகுளோபின், தட்டணுக்கள், ஏற்றிய பையின் எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. அந்த இரவில் வாசித்த புத்தகத்தின் பெயரும் நிறுத்திய பக்க எண்ணும் அதில் இருக்கும். நோட்டின் நகல் ஒன்று அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதக் கடைசியில் புதிய பக்கங்களை நகலெடுத்து அதனோடு சேர்ப்பது என் பொறுப்பு. போன மாதம் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது; அதையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறார்.